பெயிண்டர் கேட்ட சாப்பாடு

"உங்க வீட்ல அன்னைக்கு என்ன சமையலோ, அதையே கொண்டுவாங்கன்னு சொல்றான்" என்று என் கணவர் வாசலில் நின்றபடியே சொன்னார். நான் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கையிலிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. பொய் சொல்ல மாட்டேன், எனக்கு முதலில் வந்தது கோபம்தான். பரிதாபமெல்லாம் அப்புறம் மெதுவாக வந்து சேர்ந்தது. ஊரில் இத்தனை ஓட்டல்கள் இருக்கின்றன. கேட்டதை வாங்கிக் கொடுக்கச் சிறையில் ஆள் இருக்கிறது. இந்த மனுஷனுக்கு என் அடுப்புதானா கண்ணில் பட்டது?

என் கணவர் சிறைச்சாலையில் தலைமைச் சமையல்காரர். எண்ணூறு பேருக்குப் பொங்கிப் போடுகிறவர். தூக்குத் தண்டனை நிறைவேற்றுவதற்கு முந்தின நாள், அந்தக் கைதி ஆசைப்பட்டதைக் கேட்கலாம் என்பது அங்கே வழக்கம். அந்தச் சாப்பாட்டை மட்டும் என் கணவர் வேறு யார் கையிலும் விடமாட்டார், தானே சமைப்பார். ஆனால் அண்டாவும் துடுப்பும் பழகிய கைக்கு ஒரே ஒரு ஆளுக்குச் சமைக்க வராது. ஒரு தட்டுக்கு மசாலா போடச் சொன்னால் ஒரு தெருவுக்கே போட்டு வைப்பார். அதனால் முதல் நாள் எங்கள் வீட்டில் ஒத்திகை நடக்கும். அவர் சமைப்பார், நான் முக்காலியில் உட்கார்ந்து அதட்டுவேன். "இவ்வளவு எண்ணெயா? ஊரைக் கூட்டி விருந்து வைக்கப் போறீங்களா?" என்பேன். மறுபேச்சு பேசாமல் குறைப்பார். நான் சரி என்று தலையாட்டினால்தான் அதே அளவில் மறுநாள் அங்கே செய்வார்.

ஒத்திகையில் செய்ததை நாங்களேதான் சாப்பிடுவோம். வேறென்ன செய்வது, கொட்டவா முடியும்? ஒருவன் வறுத்த மீன் கேட்டான். ஒருவன் முழுக் கோழி. ஒருவன் பாலாடை போட்ட கேக் கேட்டுவிட்டான்; அதைச் செய்து முடிப்பதற்குள் எங்கள் வீட்டில் பாத்திரம் பறக்காத குறை. அப்போது என் மகள் சின்னப் பிள்ளை. மீனைச் சாப்பிட்டுக் கையை நக்கிக்கொண்டே, "அப்பா, அடுத்தது எப்பப்பா?" என்று கேட்டாள். எங்கிருந்து அப்படி ஒரு கோபம் வந்ததோ தெரியவில்லை, முதுகில் ஒன்று வைத்துவிட்டேன். அவளுக்கு என்ன தெரியும் பாவம். இப்போது கல்லூரிக்குப் போகிறாள். மீன் என்றால் இன்றுவரை தொடமாட்டாள்.

மகள் மீனை விட்டாள், அவ்வளவுதான். என் கணவர் ஒவ்வொரு முறையும் சோற்றையே விட்டுவிடுவார். அந்தச் சாப்பாட்டைக் கொடுத்துவிட்டு வந்த பிறகு தட்டு முன்னால் உட்காருவார், பிசைவார், உருட்டுவார், வாய்க்குப் போகாது. கேட்டால் பசியில்லை என்பார். சட்டை தொளதொளவென்று ஆகும்வரை இப்படியே போகும். ஆளே பாதியாகி, பிறகு ஒரு நாள் தானாகவே ஒரு வாய் வைப்பார். கடந்த முறை அந்த ஒரு வாய் வரவே ரொம்பத் தாமதமாகிவிட்டது. இன்னொன்று வந்தால் இந்த மனிதர் எழுந்து வருவாரா என்ற பயம் எனக்குள் இருந்துகொண்டே இருந்தது. அவரிடம் சொன்னதில்லை.

கைதி என்ன செய்துவிட்டு உள்ளே வந்தான் என்று நான் கேட்கக் கூடாது, அவரும் சொல்லக் கூடாது. இது எங்கள் வீட்டு ஏற்பாடு. கேட்டால் கை ஓடாது என்று எனக்குத் தெரியும். ஆனால் இந்த முறை வேறு ஒன்றைக் கேட்டேன்.

"அவன் ஏன் இப்படிக் கேக்கறான்?"

அவர் உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "பெயிண்டர்மா அவன். வீடு வீடா வெள்ளையடிச்சவன். பொறந்ததுலேருந்து விடுதி, அப்புறம் கட்டடத்து வேலை ஆளுங்க கொட்டகை, அப்புறம் இங்க. எப்பவும் பெரிய பாத்திரத்துல செஞ்சதையே சாப்பிட்டிருக்கானாம். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் அடுப்படியத்தான் கடைசியா அடிப்பாங்களாம். வீட்டுக்காரம்மா ஒரு பக்கம் சமைச்சுக்கிட்டே, 'சீக்கிரம் முடிப்பா'ன்னு வெரட்டுவாங்களாம். அந்த வாசனை தெரியும், ருசி தெரியாதுன்னு சொன்னான்."

"அதுக்கு?"

"அதுக்குத்தான். ஒரு வீட்ல அன்னைக்கு அவங்களுக்குன்னு என்ன செஞ்சாங்களோ, அதுல ஒரு தட்டு. எனக்காகச் செய்யக் கூடாதுன்னு ரெண்டு தடவ சொல்லிட்டான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எனக்காகச் செய்யக் கூடாதாமா? நல்லா கேட்டான். நாளன்னைக்கு அவன் சாப்பிடப் போறான்னு என்கிட்ட சொல்லிட்டீங்க. இனிமே நான் எதைச் செஞ்சாலும் அது அவனுக்காகத்தானே? சொல்லாம எடுத்துட்டுப் போயிருக்கலாம்ல?"

அவர் முகத்தைப் பார்த்தேன். இது அவருக்குத் தோன்றவே இல்லை என்பது தெரிந்தது. இத்தனை வருஷமாக என்னிடம் சொல்லிவிட்டே, என்னைக் கேட்டுவிட்டே செய்து பழகிய மனிதர். பழக்க தோஷத்தில் நேராக வந்து சொல்லிவிட்டார். வாயைத் திறக்காமல் அன்றைக்கு ஒரு கேரியரில் போட்டு எடுத்துப் போயிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

"சரி, மறந்துடு" என்றார்.

"மறந்துட்டேன். போய்க் கை கால் கழுவுங்க."

சிறைக் கண்காணிப்பாளரிடம் அவர் ஏற்கெனவே பேசியிருந்தார். வெளிச் சாப்பாடு கைதிக்கு ஆகாது என்பது சட்டம். ஆனால் கடைசிச் சாப்பாடு கைதியின் கடைசி விருப்பம், அதற்கு விலக்கு உண்டு என்று விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துக் கண்காணிப்பாளர் ஒப்புக்கொண்டாராம். டாக்டர் முன்னால் என் கணவர் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை. என் சமையலைச் சாப்பிட்டு இவர் இத்தனை வருஷம் உயிரோடு இருப்பதே சாட்சி இல்லையா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

மறுநாள் கடைக்குப் போனேன். மறந்துவிட்டதாகத்தான் போனேன். நல்ல பெரிய இறாலைப் பார்த்ததும் கை தானாக அதன் மேல் போனது. நாங்கள் இறால் வாங்கி எத்தனையோ காலமாகிறது. எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். கடைக்காரம்மா, "என்னம்மா, வீட்டுக்கு யாராச்சும் வராங்களா?" என்றாள். "யாரும் வரல. சும்மா பார்த்தேன்" என்று வைத்துவிட்டு நகர்ந்தேன். அவன் கேட்டது விருந்து இல்லை. விருந்து வைத்தால் அவனை ஏமாற்றுவதாகும். அதற்காக முந்தின நாள் மிச்சத்தைச் சுடவைத்துக் கொடுக்க மனசு வருமா? எங்கள் வீட்டில் பாதி நாள் நடப்பது அதுதான். அப்படி ஒரு நாளில் அவன் முறை வந்து விழுந்திருந்தால் அவன் பாடு அவ்வளவுதான். இப்படி நடுத்தெருவில் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் உருளைக்கிழங்கோடு வீடு வந்தேன். அது எப்போதும் வாங்குவது.

அந்த நாளும் வந்தது. அரிசி களைந்து வைத்தேன். பருப்பை அடுப்பில் ஏற்றினேன். அதற்குமேல் கை நகரவில்லை. உருளைக்கிழங்கைச் சின்னதாக நறுக்குவதா பெரிதாக நறுக்குவதா என்பதெல்லாம் எனக்கு ஒரு கேள்வியா? கண்ணை மூடிக்கொண்டு செய்கிறவள் நான். அன்றைக்குக் கத்தியை வைத்துக்கொண்டு பரீட்சை எழுதுகிறவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு துண்டும் அவன் வாய்க்குப் போவது கண்ணில் தெரிந்தது. விடிந்தால் அந்த வாய் இருக்காது. இதைச் செய்ய என்னால் ஆகாது, ஓட்டலில் வாங்கிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிடலாம் என்றுகூட எழுந்தேன்.

அப்போது மகள் உள்ளே வந்தாள். கல்லூரிக்குப் போகவில்லை, தலைவலி என்றாள். தலைவலியாவது மண்ணாவது, அவளுக்கும் எல்லாம் தெரியும். தட்டைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு உதட்டைச் சுழித்து, "திரும்பவும் பருப்பும் உருளைக்கிழங்குமா? இந்த வீட்ல வேற எதுவுமே தெரியாதா?" என்றாள்.

"இஷ்டம்னா சாப்பிடு, இல்லன்னா சும்மா கிட. உங்கப்பன் வீட்டுச் சொத்தா கொட்டிக் கிடக்குது?"

"அட்லீஸ்ட் ஒரு முட்டையாவது வறுத்துக் கொடேன்."

"முட்டை வேணும்னா போய் வாங்கிட்டு வா. நான் என்ன உனக்கு வேலைக்காரியா?"

திட்டிக்கொண்டே நறுக்க ஆரம்பித்திருந்தேன். கவனித்தபோது பாதிக் கிழங்கு முடிந்திருந்தது. அவள் வேண்டுமென்றேதான் வம்புக்கு இழுத்தாள் என்று அப்புறம்தான் உறைத்தது. அவள் முட்டை வாங்கப் போய்விட்டிருந்தாள். அவள் வந்தபிறகும் விடாமல் சண்டை போட்டேன். அவளும் விட்டுக்கொடுக்காமல் போட்டாள். கல்லூரிக்குப் போகாததற்கு, அறையைக் குப்பையாக வைத்திருப்பதற்கு, துவைக்காத துணிக்கு என்று ஒவ்வொன்றாக இழுத்தேன். கிழங்கு எண்ணெயில் பொரிந்தது, முட்டை வறுபட்டது, பருப்பு கடைந்தாயிற்று. வெறும் ஒரு நாளின் சமையல். நான் எப்போதுமே ருசி பார்த்துச் சமைப்பவள் இல்லை, கைக்கு அளவு தெரியும். அன்றைக்கும் பார்க்கவில்லை.

என் கணவர் கேரியரில் போட்டுக்கொண்டார். கீழே சோறு, நடுவில் பருப்பு, மேலே கிழங்கும் முட்டையும். துணியால் சுற்றி சைக்கிளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அதன் பிறகு வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை. மகள் முட்டைக்காக அவ்வளவு சண்டை போட்டவள், தட்டைக்கூட எடுக்கவில்லை. நான் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். இந்நேரம் கேரியரைத் திறந்திருப்பான் என்று நினைப்பேன். உடனே அவன் மேல் கோபம் வரும். சும்மாவா தூக்குக் கொடுப்பார்கள்? யாரோ ஒருவரின் உயிரை எடுத்தவன்தானே? செத்தவருக்கும் ஒரு வீடு இருந்திருக்கும். அங்கேயும் அன்றைக்கு ஏதோ சமைத்து மூடி வைத்துக் காத்திருப்பார்கள். அவர் வந்து சாப்பிட்டாரா? இதையெல்லாம் யோசித்தால் மனசு கல்லாகும் என்று பார்த்தேன். ஆகவில்லை. அந்த வீட்டை நினைத்தும் அழுகை வந்தது, இவனை நினைத்தும் அழுகை வந்தது. எந்த அழுகை யாருக்கு என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

விளக்கு ஏற்றும் நேரத்துக்கு சைக்கிள் வந்து நின்றது. இந்த மாதிரி நாட்களில் வருவதைவிட முன்னாலேயே வந்துவிட்டார். கேரியரைத் தரையில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, அது காலிக் கேரியர் இல்லை.

"ஏன், சாப்பிடலையா?"

அவர் படியில் உட்கார்ந்துகொண்டார்.

"பிடிக்கலையாமா? நான்தான் அப்பவே சொன்னேனே. என்னன்னு சொல்லித் தொலைங்களேன்."

"சாப்பிடல. குடுக்க விடல."

"யாரு?"

"சூப்பிரண்டு. உத்தரவு வந்துடுச்சும்மா. தூக்கு இல்லன்னு ஆயிடுச்சு. ஆயுள் தண்டனையா மாத்திட்டாங்க."

மகள் என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவர் விட்டு விட்டுச் சொன்னார். கேரியரோடு போனபோது கண்காணிப்பாளர் அறையில் ஒரே கூட்டமாம். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்களாம். விஷயம் தெரிந்ததும் இவர் கேரியரைத் தூக்கிக்கொண்டு பெயிண்டர் அறைக்கு ஓடியிருக்கிறார். கண்காணிப்பாளர் நடுவில் மறித்து நிறுத்திவிட்டார். "யோவ், எங்க போற? கடைசிச் சாப்பாடுன்னாத்தான் வெளிச் சாப்பாடு. அவனுக்கு இப்ப இது கடைசிச் சாப்பாடு இல்ல. மத்தவங்க மாதிரி அவனும் ஒரு கைதி. வீட்டுக்கு எடுத்துட்டுப் போ" என்றாராம்.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. சாகப் போகிறவனுக்குக் கொடுக்கலாம், பிழைத்துக்கொண்டவனுக்குக் கொடுக்கக் கூடாது. சிரிக்கச் சிரிக்க அது அழுகையாகி, சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். நான் சமைத்துக் கொடுத்தது தொடாமல் திரும்பி வந்தால் அந்த வீட்டோடு பேச்சையே முறித்துக்கொள்கிற ஆள் நான். தொடாமல் திரும்பி வந்த சாப்பாட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்குத்தான்.

"அவனைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னான். பெயிண்ட் காஞ்சுடுச்சான்னு பார்க்கற மாதிரி உள்ளங்கையால தடவிக்கிட்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழிச்சு, 'சாப்பாடு வந்துச்சா'ன்னு கேட்டான். வந்துச்சு, குடுக்கக் கூடாதுன்னுட்டாங்கப்பான்னேன். 'என்ன சமையல்'னான். சொன்னேன். எச்சில முழுங்கிட்டு, 'வீட்ல எல்லாரும் சாப்பிட்டாச்சா'ன்னான். இல்லன்னேன். 'அப்ப சீக்கிரம் எடுத்துட்டுப் போங்க, ஆறிடும்'னு வெரட்டினான்."

தரையில் மூன்று தட்டு போட்டேன். கேரியரில் இருந்ததையும் பாத்திரத்தில் இருந்ததையும் ஒன்றாகக் கொட்டிப் பரிமாறினேன். மகள் முதல் வாய் வைத்தாள். முகம் கோணிப்போனது. நானும் ஒரு வாய் வைத்தேன். பருப்பு ஒரே உப்புக் கரிப்பு, நாக்கில் வைக்க முடியவில்லை.

"உப்பு போட்டேனே, அளவாத்தான் போட்டேன்" என்றேன்.

என் கணவர் தட்டைப் பார்த்தபடி, "நீ பிரமை பிடிச்ச மாதிரி உட்கார்ந்திருந்த. மறந்திருப்பேன்னு நான் ஒரு கை போட்டேன்" என்றார்.

எண்ணூறு பேருக்குப் போடுகிற கை. நான் தலையில் அடித்துக்கொள்வதற்குள் மகள், "நானும்தாம்மா. நீ எண்ணெய் எடுக்கப் போனப்போ" என்றாள்.

ஒரு சட்டிப் பருப்புக்கு மூன்று பேர் உப்புப் போட்டிருக்கிறோம். அவன் இதைச் சாப்பிட்டுவிட்டுப் போயிருந்தால் என்ன நினைத்திருப்பான்? வீட்டுச் சாப்பாடு என்றால் இப்படித்தான் இருக்கும் போல என்று நினைத்துக்கொண்டல்லவா போயிருப்பான். நல்லவேளை, நல்லவேளை என்று நானே பத்துத் தடவை சொல்லியிருப்பேன். யாரும் பருப்பைக் கொட்டவில்லை. தண்ணீரைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டோம். என் கணவர் மூன்று முறை சோறு போட்டுக்கொண்டார். நான் அவர் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். செத்தவரின் வீட்டில் அன்றைக்கு ராத்திரி இந்தச் சேதியைக் கேட்டு யாருக்கும் சோறு இறங்கியிருக்காது என்பதும் நடுவில் ஞாபகம் வந்தது. அதற்காக என் சந்தோஷத்தை நான் ஒளித்து வைக்கவில்லை. ஒளிக்க முடிகிற அளவில் அது இல்லை.

பெயிண்டரை இப்போது சிறைச் சமையலறையில் காய் நறுக்க விட்டிருக்கிறார்கள். தினமும் காலையில் என் கணவரைப் பார்த்ததும் அவன் கேட்பது ஒரே கேள்விதானாம், "இன்னைக்கு வீட்ல என்ன சமையல்?" இவர் சொல்ல வேண்டும். சொன்னால் போதும், வேறெதுவும் கேட்கமாட்டானாம். இதனால் எனக்குத்தான் தொல்லை. முன்பெல்லாம் உச்சிவெயில் ஏறும்வரை என்ன செய்வது என்று முடிவு பண்ணாமல் இருப்பேன். இப்போது இவர் வாசலைத் தாண்டுவதற்குள் சொல்லியாக வேண்டும். ஒரு நாள் அவசரத்துக்குக் கத்தரிக்காய் என்று சொல்லிவிட்டு வேறு செய்தேன். சாயங்காலம் வந்து தட்டைப் பார்த்தவர், "அப்ப நான் அவன்கிட்டப் பொய் சொல்லிட்டேனா?" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

நேற்று எங்களுக்குள் பெரிய சண்டை. எதற்கு என்பதை விடுங்கள், நியாயம் என் பக்கம்தான். காலையில் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவரும் வீம்பாக சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். தெருமுனை வரை போன சத்தம் கேட்டது. பிறகு திரும்பி வருகிற சத்தமும் கேட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றார்.

"சண்டை சண்டையா இருக்கட்டும். என்ன சமையல்னு மட்டும் சொல்லிடு. அங்க ஒருத்தன் கேப்பான்."

எழுந்து போய்க் கூடையிலிருந்த கீரைக்கட்டை எடுத்து வந்தேன். அவருக்குத் தெரிகிற மாதிரி ஜன்னல் பக்கமாக உட்கார்ந்து, கட்டைப் பிரித்து முறத்தில் உதறி, ஒவ்வொரு இலையாக ஆய ஆரம்பித்தேன். அவர் கழுத்தை நீட்டி முறத்தைப் பார்த்தார். பிறகு பெடலை மிதித்தார்.